உருக்குக்கு வேலி, பருத்திக்கு?

தூத்துக்குடியில் இருந்து மதுரைக்குப் போகும் நான்கு வழிச் சாலை அருப்புக்கோட்டையை ஒட்டிப் போகிறது. சாலையின் இரு பக்கமும் கரிசல் காடு. கிழக்கே திரும்பினால் திருச்சுழி, நரிக்குடி. மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலமும் கரி மூட்டமும்தான்.

அந்தச் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. சில லாரிகளில் பருத்திப் பொதிகள் இருக்கும். அவற்றில் கப்பலில் வந்த பருத்தியும் உண்டு. அமெரிக்கா, பிரேசில், ஆஸ்திரேலியா என்று எங்கோ விளைந்தது, கரிசல் காட்டின் நடுவே நூற்பாலைக்குப் போகிறது! வேறு சில லாரிகளில் வீடு கட்டக் கம்பியும், கூரை போடத் தகடும் போகின்றன.

உருக்கு, பருத்தி இந்த இரண்டு சரக்கையும் டெல்லி ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிநாட்டு உருக்குத் தகட்டுக்குப் புதிதாக வரி போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிநாட்டுப் பருத்திக்கு இருந்த வரியை எடுத்தார்கள். ஒன்றுக்கு வேலி அடைத்தார்கள். மற்றதன் வேலியைப் பிடுங்கினார்கள்.

இது ஏன் என்று கேட்கும் உரிமை கரிசல் காட்டுக்கு உண்டு. கேட்பதற்கு முன், இந்த வரி விவகாரம் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. கேட்கப் பெரிய சங்கதி போல இருக்கும். உள்ளே போனால், நம் தெருக் கடைச் சங்கதிதான்.

மாமனார் பணம்

ஒரு தெருவில் இரண்டு பலசரக்குக் கடைகள். இரண்டும் ஒரே சரக்கு, ஒரே தரம். ஒரு கடைக்காரருக்கு மட்டும் மாமனார் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். அவர் என்ன செய்வார்? அடக்க விலைக்கும் கீழே விற்பார். வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எதிர்க் கடைக்காரர் திண்டாடுவார். கடைசியில் கடையை மூடுவார். அவர் மூடிய மறு மாதம் முதல் கடையில் விலை ஏறும். அப்போது கேட்க ஆள் இருக்காது.

இந்த மாமனார் இடத்தில் ஓர் அரசாங்கம் இருந்தால், அந்தப் பணத்துக்குப் பெயர் மானியம். வட்டி குறைந்த கடன், சும்மா கிடைக்கும் நிலம், சந்தை விலைக்குக் குறைவாகக் கிடைக்கும் மூலப்பொருள், வரித் தள்ளுபடி எல்லாம் மானியம்தான்.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு ஏற்பட்டது. அப்போது ஒரு விதி செய்தார்கள். வேறொரு நாடு மானியம் கொடுத்து, அதனால் நம் நாட்டுத் தொழில் நசிந்தால், அந்த மானியத்தின் அளவுக்கு நாம் வரி போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போடக்கூடாது. இதற்கு மானிய எதிர்ப்பு வரி என்று பெயர். நம் நாட்டுச் சுங்கவரிச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஒரு தடவை போட்டால் ஐந்து வருஷம் இருக்கும். ஐந்தாம் வருஷம் மறு ஆய்வு செய்து, வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க வேண்டும்.

ஆய்வு செய்வது வர்த்தக இலாகா. முடிவு எடுப்பது நிதி இலாகா. சிபாரிசு போன மூன்று மாதத்துக்குள் நிதி இலாகா பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு இலாகாக்களும் எப்போதும் ஒரே பேச்சுப் பேசுவதில்லை. எவர்சில்வர் கதையைப் பார்த்தால் தெரியும்.

கல்யாணச் சீரில் ஒரு வழக்கு

எவர்சில்வர் இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு கல்யாணம் உண்டா? குடம், அண்டா, தூக்குச்சட்டி, சம்படம், தாம்பாளம், எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாட்டி பெயர் வெட்டிய குடத்தில் பேத்தி தண்ணீர் எடுப்பாள்.

அந்தக் குடத்துக்கு வேண்டிய தகடு எங்கிருந்து வருகிறது? இந்திய ஆலைகளிலும் செய்கிறார்கள். சீனாவில் இருந்தும் வருகிறது. சீனத் தகட்டுக்குப் பின்னால் அந்த நாட்டு அரசாங்கத்தின் மானியம் இருக்கிறது என்று இந்திய ஆலைகள் வழக்குப் போட்டன. விசாரணை நடந்தது. மானியம் உண்டு என்று முடிவாயிற்று. 2017-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி 18.95 சதவீத மானிய எதிர்ப்பு வரி போடப்பட்டது. அதாவது 100 ரூபாய்த் தகட்டுக்கு 18 ரூபாய் 95 காசு.

ஐந்து வருஷத்துக்குப் போட்ட வரி அது. ஆனால் ஐந்து வருஷம் ஓடவில்லை. 2021 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரி 1-ந் தேதி பட்ஜெட்டில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அதை அடியோடு நீக்கினார். உலோக விலை மிகவும் ஏறிவிட்டது. பொதுநலம் கருதி நீக்குகிறோம் என்றார். பிறகு வர்த்தக இலாகா மறுபடியும் ஆராய்ந்து, அதே 18.95 சதவீத வரியைத் திரும்பப் போடலாம் என்று சிபாரிசு செய்தது. 2023-ல் நிதி இலாகா அதை ஏற்க மறுத்தது.

ஒரே அரசாங்கம். ஒரே தகடு. போட்டது, நிறுத்தியது, நீக்கியது, போடச் சொன்னது, மாட்டேன் என்றது! ஆறு வருஷத்தில் இத்தனை.

வரியை நீக்கியதும் பாத்திர விலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2022 மார்ச் மாதம் என்ன நடந்தது பாருங்கள். எவர்சில்வரில் சேர்க்கும் உலோகங்களில் நிக்கல் ஒன்று. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது பிப்ரவரி கடைசியில். நிக்கல் அதிகமாக எடுக்கும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. மார்ச் 8-ந் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை டன்னுக்கு 1 லட்சம் டாலரையும் தாண்டியது. சந்தையையே நிறுத்தி வைத்தார்கள். டெல்லியில் கழித்த வரி, லண்டனில் ஏறிய விலைக்கு முன் எம்மாத்திரம்? வரி ஒன்றுதான் விலையைத் தீர்மானிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சேலமும் சின்னப் பட்டறையும்

இந்த வழக்கில் இரண்டு தரப்பிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அதுதான் சங்கடம்.

தமிழ்நாட்டுக்கு ஓர் உருக்காலை வேண்டும் என்று 1967 ஜூலையில், அண்ணா முதல் மந்திரியாக இருந்தபோது, "எழுச்சி நாள்" கொண்டாடினார்கள். சேலத்து உருக்காலையும் தூத்துக்குடித் துறைமுகத் திட்டமும் அன்றைய கோரிக்கைகள். 1970-ல் இந்திரா காந்தி சேலத்தில் அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்தில் அங்கே எவர்சில்வர் தகடு உருள ஆரம்பித்தது. கேட்டுப் பெற்ற ஆலை அது. பின்னாளில் அது பல ஆண்டுகள் நஷ்டக் கணக்கு எழுதியது. நஷ்டத்துக்கு வெளிநாட்டுத் தகடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மலிவுத் தகடு வந்து இறங்கும்போது அந்த ஆலைக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்.

மறு தரப்பில், தகடு வாங்கிப் பாத்திரம் அடிக்கும் சிறு பட்டறைகள். வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்தி, மெருகு போட்டு அனுப்புகிறவர்கள். அவர்களுக்குத் தகடுதான் மூலதனம். தகடு விலை ஏறினால் பாத்திர விலையை உடனே ஏற்ற முடியாது. கடைக்காரர் பழைய விலைக்கே கேட்பார். லாபம் போய், கூலியும் போய், கடைசியில் பட்டறை பூட்டப்படும். ஓர் ஆலையில் நூறு பேருக்கு வேலை போனால் பத்திரிகையில் வரும். நூறு பட்டறைகளில் ஒவ்வொருவருக்கு வேலை போனால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மானியம் என்ற குற்றச்சாட்டு சீனாவின் மேல் மட்டும் இல்லை. இந்திய உருக்குத் தகட்டுக்கு அமெரிக்கா 2001-லேயே மானிய எதிர்ப்பு வரி போட்டது. இரும்புத் தாதுவை மலிவாகக் கொடுக்கிறீர்கள் என்பதும் அது சொன்ன குற்றங்களில் ஒன்று. இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடியது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தோனேசியா, இந்தியா இரண்டு நாட்டு எவர்சில்வர் தகட்டுக்கும் இதே வரியைப் போட்டது. மாமனார் எல்லா ஊரிலும் இருக்கிறார். சில ஊரில் பணக்கார மாமனார்!

12 சதவீத வேலி

எவர்சில்வருக்கு வரி கூடாது என்ற நிதி இலாகா, சாதா உருக்கு விஷயத்தில் வேறு முடிவு எடுத்தது.

2024-ல் சீனா 100 கோடி டன்னுக்கு மேல் உருக்குச் செய்தது. அந்த ஆண்டு இந்தியா செய்தது சுமார் 15 கோடி டன். சீனாவில் வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது. அங்கே செலவாகாத உருக்கு கப்பல் ஏறுகிறது. 2024-ல் மட்டும் 11 கோடி டன் ஏற்றுமதி. இந்தியா தான் விற்றதைவிட அதிகமாக உருக்கை வாங்கும் நாடாக மாறியது.

வெள்ளம் போல வந்தால், மானியம் உண்டா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. அதற்கு வேறு வரி இருக்கிறது. பாதுகாப்பு வரி என்று பெயர். 2025 ஏப்ரல் 21-ந் தேதி, 200 நாளைக்கு என்று 12 சதவீதம் போட்டார்கள். விசாரணை முடிந்து, டிசம்பர் 30-ந் தேதி அதை மூன்று வருஷத்துக்கு உறுதி செய்தார்கள். முதல் வருஷம் 12 சதவீதம், இரண்டாம் வருஷம் 11.5, மூன்றாம் வருஷம் 11. 2028 ஏப்ரல் 20-ந் தேதி வரை.

இந்த வரி தகட்டு வகைகளுக்கு. சுருள் தகடு, துத்தநாகம் பூசிய தகடு, வண்ணத் தகடு எல்லாம் இதில் வரும். வீடு கட்டும் கம்பி இதில் இல்லை. எவர்சில்வரும் இல்லை. ஆகவே "டெல்லியில் வரி போட்டுவிட்டார்கள், அதனால் கம்பி விலை ஏறிவிட்டது" என்று கடைக்காரர் சொன்னால், அது சரியல்ல என்று அருப்புக்கோட்டை மேஸ்திரி பதில் சொல்லலாம். தறிக் கொட்டகைக்கு வண்ணத் தகடு வாங்குகிறவருக்குத்தான் இந்த வரி நேராகத் தொடும்.

வேலி போட்டது தவறா? தவறு இல்லை. உருக்காலை என்பது இன்று மூடி நாளை திறக்கும் பெட்டிக்கடை அல்ல. உலை அணைந்தால் திரும்ப மூட்டுவது எளிதல்ல. அயல்நாட்டு உருக்கையே நம்பி ரெயிலும் பாலமும் கட்டும் நாடு, அயலான் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

ஆனால் வருஷத்துக்கு அரை சதவீதம் குறைப்பது என்ன குறைப்பு? நகம் வெட்டுவது போல இருக்கிறது. மூன்று வருஷத்தில் சொந்தக் காலில் நில் என்று ஆலைகளுக்குச் சொல்வதானால், படி இன்னும் செங்குத்தாக இருந்திருக்க வேண்டும்.

வேலியே பயிரை மேய்ந்தால்?

வெளியாருக்கு வேலி போட்டால், உள்ளே இருக்கிறவர்கள் விலையை ஏற்றிவிட்டால் என்ன செய்வது? இது வீண் பயம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் கம்பி விலை ஒரேயடியாக ஏறியபோது, உருக்குக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றுகின்றன என்று கோவை கட்டிட ஒப்பந்தக்காரர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். 2021-ல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணையைக் கையில் எடுத்தது. குற்றம் உண்டா இல்லையா என்பதை அந்த ஆணையம் சொல்ல வேண்டும். ஆனால் கோவையில் இருந்து ஒரு சங்கம் எழுந்து கேட்டதால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

அரசாங்கத்துக்கு வேறு ஆயுதமும் உண்டு. 2022 மே மாதம் உள்நாட்டில் உருக்கு விலை கடுமையாக இருந்தபோது, ஏற்றுமதி ஆகும் உருக்குக்கு 15 சதவீத வரி போட்டார்கள். சரக்கு உள்ளூரில் தங்கட்டும் என்று எண்ணம். நவம்பரில் எடுத்துவிட்டார்கள். மனம் இருந்தால் ஆறு மாதத்தில் வரியைப் போடவும் முடிகிறது, எடுக்கவும் முடிகிறது.

கரிசல் கேட்கிறது

இப்போது பருத்திக்கு வருவோம்.

திருச்சுழிக் காட்டில் பருத்தி வானம் பார்த்த பயிர். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதை. மாசி, பங்குனியில் எடுப்பு. குனிந்து எடுப்பது பெண்கள். ஒரு காலத்தில் கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணின் பெயர் சொன்னது. இன்று பருத்தி இருந்த இடத்தில் மக்காச்சோளம் பரவியிருக்கிறது. பருத்தி கட்டுப்படியாகவில்லை என்பதுதான் காரணம்.

உருக்குக்கு மானியம் கொடுப்பதில் சீனா பெயர் எடுத்தது என்றால், பருத்திக்கு மானியம் கொடுப்பதில் அமெரிக்கா பெயர் எடுத்த நாடு. இது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன குற்றச்சாட்டு இல்லை. 2002-ல் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவின் மேல் வழக்குத் தொடர்ந்தது. அமெரிக்க மானியம் உலகப் பருத்தி விலையை அழுத்துகிறது என்று தீர்ப்பு வந்தது. 2005-ல் மேல்முறையீட்டிலும் பிரேசில் வென்றது. கடைசியில் 2014-ல் அமெரிக்கா பிரேசிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

நம் நாட்டில் 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பருத்திக்கு வரி போட்டார்கள். எல்லாம் சேர்ந்து 11 சதவீதம். 2022-ல் பருத்தி விலை ஏறியபோது சில மாதம் விலக்குக் கொடுத்தார்கள். பிறகு 2025 ஆகஸ்டு 19 முதல் மறுபடியும் விலக்கு. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பத்து நாள் ஆவதற்குள் டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மேல் 50 சதவீத வரியை அமுல் செய்தது. துணி ஏற்றுமதி திண்டாடியது. நூலாவது மலிவாகக் கிடைக்கட்டும் என்று ஆலைகள் கேட்டன. அருப்புக்கோட்டையில் நூற்பாலைகள் இருக்கின்றன. தறிகள் இருக்கின்றன. ஆலை பஸ் விடிவதற்கு முன் கிராமம் கிராமமாக வந்து பெண்களை ஏற்றிப் போகிறது. ஆலை நின்றால் அந்த வீடுகளில் உலை வைக்க முடியாது. தகப்பன் பருத்தி விளைவிக்கிறார், மகள் பஞ்சு நூற்கிறாள். விலை ஏறினால் மகளின் வேலைக்கு ஆபத்து. இறங்கினால் தகப்பனின் கடனுக்கு வட்டி ஏறும். ஒரே வீட்டுக்குள் இந்த வழக்கு!

ஆகையால் பருத்திக்கு எப்போதும் வரி இருக்க வேண்டும் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

உருக்கு விஷயத்தில் விசாரணை நடந்தது. மனு வாங்கினார்கள். வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பேரையும் கேட்டார்கள். கணக்குப் பார்த்தார்கள். 200 நாள் தற்காலிகம், பிறகு மூன்று வருஷம் என்று தேதி குறித்தார்கள். பருத்தி விஷயத்தில் ஓர் ஆகஸ்டு நாளில் அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான். கரிசல்காரர் மனு எங்கே வாங்கப்பட்டது?

அவர் தானாக வழக்குப் போடவும் வழி எளிதல்ல. மானிய எதிர்ப்பு வழக்குப் போடுவதானால், நாட்டின் மொத்த உற்பத்தியில் 100-க்கு 25 பங்காவது செய்கிறவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். உருக்குத் தொழிலில் நாலைந்து முதலாளிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் 25 பங்கு சேர்ந்துவிடும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் திருச்சுழிக்காரர், குஜராத்திலும் மராட்டியத்திலும் உள்ள லட்சக்கணக்கான பருத்திக்காரர்களோடு எந்த மேஜையில் உட்காருவார்?

அறிவிப்பு வெளிவருவது இந்திய அரசிதழில். இந்தியிலும் ஆங்கிலத்திலும். கேள்விப் பட்டியல் கணக்கர் படித்துப் பதில் எழுத வேண்டிய பட்டியல். பாத்திரப் பட்டறைக்காரரும், கொட்டகை போடும் தறிக்காரரும், பருத்திக்காரரும் அதைப் பார்த்ததே இல்லை.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய சட்டம் ஒன்றும் வேண்டாம்.

உருக்கோ பருத்தியோ, இறக்குமதி வரியை ஆய்வு செய்யும்போது அறிவிப்பைத் தமிழிலும் வெளியிடலாம். ஒரு நாள் விசாரணையை மதுரையிலோ கோவையிலோ நடத்தலாம். ஜில்லா தொழில் மையத்திலும் வேளாண்மை அலுவலகத்திலும் மனு வாங்கி டெல்லிக்கு அனுப்பலாம். வேலிக்குள் இருக்கும் உருக்குக் கம்பெனிகள் மாதா மாதம் என்ன விலைக்கு விற்கின்றன என்று, வரி இருக்கிற காலம் வரை அரசாங்கமே பட்டியல் போடலாம்.

பருத்திக்கு விலக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஆதார விலைக்கு வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும். 2025-26-ல் நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசாங்கம் அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். விலை அறிவித்தால் போதாது. இந்தியப் பருத்திக் கழகத்தின் தராசு கரிசல் காட்டு எடுப்புக் காலத்தில், மாசி பங்குனியில், எட்டிப்போகும் தூரத்தில் நிற்க வேண்டும். மார்கழியோடு விலக்கு முடிந்துவிட்டதே என்று சொல்வது பதில் ஆகாது. டிசம்பர் வரை வரியில்லாமல் வந்த பொதி, மார்ச் மாதம் ஆலைக் கிட்டங்கியில்தான் இருக்கும்.

இதைவிட முக்கியம் தேதி. வரி இருக்குமா, இருக்காதா என்பது ஆடி மாதத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். உருக்கு ஆலைக்கு 2028 ஏப்ரல் 20 வரை என்ன நிலவரம் என்று இப்போதே தெரியும். அதை வைத்து அது கடன் வாங்கலாம், உலை கட்டலாம். திருச்சுழிக்காரர் கேட்பது மூன்று வருஷம் அல்ல. விதைப்பெட்டியைக் கையில் எடுக்குமுன், அந்த ஒரு வெள்ளாமைக்கு.